மகன் பெயரால் நிலைத்த களஞ்சியம்

பொருள்களைத் தேடிச் சேர்ப்பது பலருக்கும் உள்ள ஆசை. சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். குழந்தைகள் உருட்டி விளையாடும் சின்னஞ்சிறு உலோகக் கார்களைப் பெரியவர்களே தேடி அலைந்து வாங்குவதும் உண்டு. 1953-ல் இங்கிலாந்தில் 'மேட்ச்பாக்ஸ்' கார்களும், 1968-ல் அமெரிக்காவில் 'ஹாட் வீல்ஸ்' கார்களும் விற்பனைக்கு வந்தன. அதன்பின் இந்த மோகம் உலகெங்கும் பரவிவிட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்த கார் என்றால் அதற்கு மதிப்பு அதிகம். பெட்டியைப் பிரிக்காமல், எந்தக் குழந்தையின் கையும் படாமல் இருந்தால் மதிப்பு இன்னும் கூடும்.

புனேயில் வாழ்ந்த ஒரு பெரியவருக்கும் பொருள் சேர்க்கும் பித்து இருந்தது. ஆனால் பல கைகள் பட்டுத் தேய்ந்த பொருள்களைத்தான் அவர் தேடினார். அவர்தான் தினகர் கங்காதர் கேல்கர். புனே மக்கள் அவரை அன்புடன் 'காகாசாகேப்' என்று அழைத்தார்கள்.

கண்ணாடி வியாபாரி, கவிஞர்

கேல்கர் 1896-ல் பிறந்தார். மூக்குக் கண்ணாடி வியாபாரம்தான் அவருடைய தொழில். மற்றவர்களின் பார்வைக் குறையைப் போக்குவது கடை வேலை என்றால், மராட்டியில் கவிதை எழுதுவது மனத்துக்குப் பிடித்த வேலை. கவிதைகளுக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'அஞ்ஞாதவாசி'. பாண்டவர்கள் தங்களை மறைத்துக்கொண்டு வாழ்ந்த ஓராண்டை நாம் அஞ்ஞாதவாசம் என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்தான் இதுவும்.

பேஷ்வாக்கள் ஆண்ட ஊர் புனே. அந்தக் காலத்துச் சர்தார்களின் 'வாடா' என்னும் பெரிய மரமாளிகைகள் ஊரெங்கும் இருந்தன. ஆட்சி போன பிறகு அக்குடும்பங்கள் பல நொடித்துப் போயின. வீடுகள் இடிந்தன. பரணில் கிடந்த பித்தளையும் செம்பும் எடைக்குப் போட்டு உருக்கப்பட்டன. சித்திர வேலை செய்த கதவுகள் விறகாகும் நிலைமை. ஒரு தலைமுறை கண்மூடித் திறப்பதற்குள் முந்தைய தலைமுறையின் வீட்டு வாழ்க்கையே அடையாளமின்றிப் போய்விடும் போலிருந்தது.

சுமார் 1920-ல் கேல்கர் சேகரிப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24. பிறர் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டது. மன்னர்களின் வாளையும் கேடயத்தையும் சேர்க்கப் பலர் இருந்தார்கள். அடுக்களையில் கிடக்கும் பாத்திரத்தை யார் சேர்ப்பார்கள்? கேல்கர் சேர்த்தார்.

பாக்குவெட்டி முதல் கதவு வரை

பாக்குவெட்டி, வெற்றிலைச் செல்லம், மைக்கூடு, பூட்டு, சீப்பு, தொங்குவிளக்கு, குளிக்கும்போது பாதம் தேய்க்கும் 'வஜ்ரி', இசைக் கருவிகள், பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள், செதுக்கு வேலை செய்த கதவுகள் என்று எதையும் அவர் விடவில்லை. அவற்றில் பெரும்பாலானவை 18, 19-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. செய்தவர்களின் பெயர் தெரியாது. கன்னாரும் தச்சரும் கொல்லரும் கூலிக்குச் செய்து கொடுத்த சாமான்கள்தான். ஆனால் பாக்கு வெட்டும் ஒரு சிறு கருவியைக்கூடக் கிளியாகவும் குதிரையாகவும் உருவம் கொடுத்துச் செய்திருக்கிறார்கள். வேலைக்கு உதவினால் போதும் என்று அந்தத் தொழிலாளி விட்டுவிடவில்லை. அவனுடைய கைத்திறனுக்குக் கேல்கர் மரியாதை செய்தார்.

இதற்காக அவர் ஊர் ஊராக அலைந்தார். கிராமங்களுக்குச் சென்றார், பழைய குடும்பங்களின் வாசற்படி ஏறினார். வியாபாரத்தில் வந்த பணம் பழைய சாமான்களாக மாறியது. சாதாரணக் குடும்பத்தில் இது எளிதான காரியமல்ல. மனைவி கமலாபாய் துணை நின்றதால்தான் முடிந்தது. வீட்டுக்கு வரும் பழம் பொருளை இன்னொரு சுமையாக அந்த அம்மையார் நினைக்கவில்லை; கணவரின் முயற்சியைத் தம் முயற்சியாகவே ஏற்றுக்கொண்டார்.

கோத்ரூடில் சிதைந்து கிடந்த மஸ்தானியின் மாளிகையையும் கேல்கர் விடவில்லை. முதலாம் பாஜிராவ் பேஷ்வா தம் காதலி மஸ்தானிக்காகக் கட்டியது அது. எஞ்சியிருந்த பகுதிகளைக் கொண்டுவந்து, தம் களஞ்சியத்திலேயே 'மஸ்தானி மஹால்' என்று மீண்டும் அமைத்தார்.

ஏழு வயதில் மறைந்த ராஜா

கேல்கர் தம்பதியின் ஒரே மகன் ராஜா. அந்தப் பிள்ளை ஏழு வயதில் இறந்துபோனான். பெற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய இடி ஏது? விளையாட வேண்டிய பிள்ளை போய்விட்டான்; வீட்டில் பொம்மைகள் இருந்தன.

துக்கத்தில் மூழ்கித் தம் வேலையைக் கைவிட்டிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கைவிடவில்லை. சேர்த்ததையெல்லாம் மகனின் நினைவுக்கே உரியதாக்கினார். 'ராஜா கேல்கர்' என்று மகன் பெயரையே களஞ்சியத்துக்குச் சூட்டினார். இன்று 'ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம்' என்பதில் முதலில் நிற்பது பிள்ளையின் பெயர். தகப்பன் பெயர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பெயர் தெரியாத அரசர் யாரோ கட்டிய அரண்மனை என்று நினைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்த ராஜா ஏழு வயதுப் பாலகன் என்று தெரியும்போது மனம் கனத்துவிடுகிறது.

1960-க்குள் சேகரிப்பு சுமார் 15,000 பொருள்களாக வளர்ந்தது. அவற்றில் அருமையானவற்றைப் பொறுக்கி விற்றிருந்தால் கேல்கர் பெரும் செல்வராகியிருக்கலாம். அவரோ முழுவதையும் மகாராஷ்டிர மாநில அரசிடம் ஒப்படைத்தார். பல்லாண்டு உழைப்பு பொதுச் சொத்தாயிற்று. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. 1990-ல், 94-ம் வயதில் அவர் காலமானார்.

இன்று அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. இடப் பற்றாக்குறையால் ஏறத்தாழ 2,500 மட்டுமே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. சுக்ரவார் பேட்டையில், பாஜிராவ் சாலையை ஒட்டி மூன்று மாடிகளுடன் அந்தக் கட்டடம் நிற்கிறது.

ரஸ்தா பேட்டையிலோ கிர்க்கியிலோ குடியிருக்கும் நம்மவர்கள் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் வரலாம். மராட்டி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வெற்றிலைச் செல்லத்தையும் குத்துவிளக்கையும் யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைப் பார்க்கும்போது ஊரில் பாட்டி வீட்டுப் பரணில் கிடப்பது நினைவுக்கு வரும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பழைய பித்தளையை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கத் தோன்றும். அப்படித் தோன்றினால், கேல்கரின் உழைப்புக்கு அதைவிட நல்ல மரியாதை வேறில்லை.