நாள்தோறும் இறைவனைப் போற்றிய சுவாமி சகஜானந்தர்

இறைவனைப் போற்றுதல் என்றவுடன் நம்மில் பலர்க்குக் கோயில் திருவிழாவும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையுமே நினைவுக்கு வருகின்றன. எஞ்சிய நாள்களில் நாம் செய்யும் தொழிலுக்கும் இறைவனுக்கும் தொடர்பில்லை என்பது போல வாழ்ந்து விடுகின்றோம். அவ்வாறன்றித் தம் ஒவ்வொரு நாளையுமே வழிபாடாக ஆக்கிக்கொண்ட பெரியார் ஒருவர் நம் சமுதாயத்தில் தோன்றினார். அவரே சுவாமி சகஜானந்தர். அவருடைய இளமைக் கல்விக்கு இடந்தந்த ஊர் நம் திண்டிவனம் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். ஆதலின் இவ்வெள்ளிவிழா மலரில் அன்னாரின் வரலாற்றைச் சுருங்க உரைத்தல் என் கடமையெனக் கருதுகின்றேன்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அண்ணாமலை, தாயார் அலமேலு. பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. சேரிப் பிள்ளைகளைப் பள்ளித் திண்ணையில் ஏற்றவும் மறுத்த காலம் அது. அந்நாளில் நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தவர்களுள் அமெரிக்க ஆற்காடு மிஷன் பாதிரிமார் முதன்மையானவர். அவர்கள் திண்டிவனத்தில் நடத்திய பள்ளியிலும் விடுதியிலும் முனுசாமி சேர்ந்தார். விவிலியத்தை ஆர்வத்தோடு பயின்று பரிசுகள் பெற்றார். அவர்தம் அறிவுக்கூர்மையைக் கண்டு சிகாமணி என்னும் பெயராலும் அழைத்தனர்.

ஆயின், சமயம் மாற வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவ்விளைஞர் இசையவில்லை. விடுதிச் சோறும் படிப்பும் கையை விட்டுப் போகும் என்பதை அறிந்திருந்தும், உள்ளம் ஒப்பாத ஒன்றை உதட்டளவில் ஏற்க அவர் துணியவில்லை. படிப்பு இடையில் நின்றது. அந்தப் பாதிரிமாரின் தொண்டைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று; அவர்கள் ஏற்றிய விளக்கால் ஒளிபெற்ற குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள. அவர்கள் வழியே கிறிஸ்துவை உளமார ஏற்றோரும் நம் உடன்பிறப்புகளே. இங்கு நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. இறைவனுக்குச் செலுத்தும் துதி உண்மையானதாக இருத்தல் வேண்டும். வயிற்றுக்காகவோ பிறர் அச்சத்துக்காகவோ செலுத்துவது துதியாகாது.

பின்னர்க் குடும்பம் பிழைப்புத் தேடிச் சென்ற கோலார் தங்கவயலுக்கு அவரும் சென்றார். மண்ணுக்கடியில் பொன்னைத் தேடிய கூட்டத்தினிடையே அவர் மனம் மெய்ப்பொருளைத் தேடிற்று. அத்தேடல் அவரைச் சென்னை வியாசர்பாடியில் இருந்த கரபாத்திர சுவாமிகளிடம் கொண்டு சேர்த்தது. கையையே உண்கலமாகக் கொண்ட துறவி என்பது அப்பெயரின் பொருள். அம்மடத்தில் சமய நூல்களைக் கற்றுத் துறவு பூண்டு, சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்தடைந்தார்.

சிதம்பரம், நந்தனாரின் ஏக்கம் நிறைந்த ஊர். ஆதனூரில் பிறந்த நந்தனார், சிவன் கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்து வந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவர் தந்த தோல் கோயிலுக்குள்ளே முழங்கிற்று. தந்தவரோ வெளியே நின்றார். தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவருக்கு வழி திறந்தது என்பது வரலாறு. எனினும், தம் குலத்தொழிலையே திருத்தொண்டாக ஆக்கிய அவர் அன்பு சகஜானந்தரைப் பற்றிக்கொண்டது. நந்தனாரின் வழிவந்த பிள்ளைகள் தீயில் இறங்க வேண்டா, பள்ளியில் நுழைதல் வேண்டும் என்பதைத் தம் செயலால் காட்டப் புறப்பட்டார்.

1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, 25 மாணவரோடு பள்ளியைத் தொடங்கினார். துறவி காட்டுக்குச் செல்வார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அவர் அரிசியும் பணமும் வேண்டி ஊர்தோறும் அலைந்தது வியப்பாக இருந்திருக்கும். தமக்கென மனையும் மக்களும் இல்லாத அவர், பிறர் பெற்ற பிள்ளைகளுக்குத் தந்தையானார். ஓமக்குளத்து நந்தனார் மடத்தில் வழிபாடும் இருந்தது, படிப்பும் இருந்தது. இரண்டையும் அவர் வேறுபடுத்தவில்லை. குழந்தைக்கு எழுத்தறிவித்தல் இறைவனுக்கு மலரிடுதலைப் போன்றது என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பொருள்.

சட்டமன்றத்திலும் அவர் குரல் நெடுங்காலம் ஒலித்தது. 1926இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1952, 1957ஆம் ஆண்டுத் தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியிலிருந்து பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆலய நுழைவை எல்லார்க்கும் உரிமையாக்கிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையும், தீண்டாமையை ஒழித்த 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பையும் கண்ணாரக் காணும் பேறு அவருக்குக் கிட்டிற்று. 1959ஆம் ஆண்டு மே முதல் நாள், உழைப்பாளர் திருநாளன்று, ஓயாது உழைத்த அவ்வுடல் ஓய்ந்தது. அன்னாரின் நினைவாகத் தமிழ்நாடு அரசு சிதம்பரத்தில் மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

என் ஆசிரியப் பணியில் நேர்ந்த பிழை ஒன்றையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். காலை இறைவணக்கத்துக்கு நாள்தோறும் தாமதமாக வந்த சிறுவன் ஒருவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தேன். தாய் விடியுமுன் நாற்று நடச் செல்வதால், கைக்குழந்தையான தங்கைக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அவன் ஓடி வருகின்றான் என்பது சில நாள் கழித்தே தெரிந்தது. நான் மேடையில் நின்று சொன்ன வணக்கத்தைவிட அவன் ஊட்டிய கஞ்சி இறைவனுக்கு உகந்தது என்று உணர்ந்து வெட்கினேன். நந்தனாரை வெளியே நிறுத்தியவர்களை ஆண்டுதோறும் வகுப்பில் பழித்த நானே, ஒரு குழந்தையை வெளியே நிறுத்தியிருந்தேன். அன்றுமுதல் எங்கள் பள்ளியில் இறைவணக்க நேரத்தில் எவரையும் வெளியே நிறுத்துவதில்லை.

இளைஞர்களே! நம்முள் மாதாவை வணங்குவோர் உளர்; மாரியம்மனை வணங்குவோர் உளர்; புத்தர் நெறியில் நிற்போரும் உளர். அவரவர் வழிபாடு அவரவர்க்கு உரியது. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் நம் காலனிப் பிள்ளைகள் ஐவரை அமர்த்திப் பாடம் சொல்லிக்கொடுத்தல் எல்லார்க்கும் பொதுவான வழிபாடு. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவதும் அதுவே. திண்டிவனத்தில் படிப்பை இழந்த ஒரு மாணவர் சிதம்பரத்தில் பல தலைமுறைக்குக் கல்வி தந்தார். படிப்பு நிலைத்த நாம் அதனினும் குறைவாகச் செய்தல் தகுமோ? நாளைக் காலை எழுந்தவுடன் இவ்வினாவை நம் நெஞ்சிடம் கேட்போமாக.