ஆடிய கீபோர்டும் நகராத விசையும்



நம் மலருக்குக் கட்டுரை கேட்டதும் எல்லோரும் அப்துல் கலாம், விசுவேசுவரய்யா என்று பெரிய பெரிய பெயர்களாகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தவர் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா. தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதுமே ‘அட, அவரா!’ என்பார்கள். மற்றவர்களுக்கு நான் சொல்கிறேன். ஆனால் அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது ஒரு ஆடுகிற கீபோர்டு. அதனால் கதையை அங்கேயிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

லீவு நாட்களில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். எங்க வீட்டில் யாரும் தொட்டிராத பொருள். டப்பாவைப் பிரித்து மேசையில் வைத்துத் தட்டினால், தடக் தடக் என்று ஆடுகிறது! இந்த மூலையை அழுத்தினால் அந்த மூலை எழும்புகிறது. கடையில் போய்க் கேட்டேன். எல்லாம் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காசு போனது ஒரு பக்கம். நமக்கெல்லாம் இது எதற்கு என்ற நினைப்பு இன்னொரு பக்கம்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். கீபோர்டை வாங்கித் திண்ணைக் கடப்பாக் கல்லின் மேல் வைத்தார். ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்த்தார். பிறகு அப்படியே திருப்பி வைத்து மறுபடி அழுத்தினார். திருப்பின பிறகு ஆட்டம் பழைய இடத்திலேயே இருந்தால் கல்லில் கோணல். கீபோர்டோடு கூடவே வந்தால் கீபோர்டில் கோணல். ஆட்டம் கூடவே வந்தது. தூக்கி நிற்கிற கால் எது என்று பார்த்து, ஜக்கார்டில் ஓடித் தேய்ந்த பழைய அட்டையில் ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து அந்தக் காலடியில் வைத்தார். ஆட்டம் நின்றுபோனது. புதுத் தறியும் இப்படித்தானாம். முதல் நாளே ஒழுங்காக நிற்காது, எங்கே இடைவெளி என்று பார்த்து ஆப்பு வைக்க வேண்டுமாம். (நாம் கேன்டீனில் சொல்லும் ஆப்பு இல்லை!)

இதை எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் சாரிடம் சொன்னேன். அவர்தான் முத்தையாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

முத்தையா 1886-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் தேதி யாழ்ப்பாணத்தில் சுண்டிக்குழி என்ற ஊரில் பிறந்தார். 1907-ல், 21 வயதில், பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் மலாயாவுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போவார்கள். இவரும் முதலில் ரயில்வேயில் சேர்ந்தார். பிறகு ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பெனியில் சேர்ந்து தலைமைக் குமாஸ்தா வரை உயர்ந்தார். நம்மைப் போல டிப்ளமா படித்த மெக்கானிக் இல்லை அவர். பகலெல்லாம் ஆங்கில டைப்ரைட்டரில் கடிதம் அடிக்கிற ஆபீஸ் ஆள்.

அந்த ஆங்கில மெஷினும் பிறக்கும்போதே ஒழுங்காகப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1868-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வேகமாக அடித்தால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்ளும். கிளெஃபேன் என்ற சுருக்கெழுத்தாளரிடம் மெஷினைக் கொடுப்பார்கள். அவர் ஓட்டி ஓட்டி அதை உடைத்துவிட்டுக் குறைகளைப் பட்டியல் போட்டு அனுப்புவார். ஷோல்ஸ் திரும்பவும் செய்வார். இப்படியே பல மாடல்கள். கடைசியில் துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்த ரெமிங்டன் கம்பெனி 1873-ல் ஒப்பந்தம் போட்டு, 1874-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. முதலில் வந்தவற்றில் வரி மாற்றுவதற்குத் தையல் மெஷின் போலக் காலால் மிதிக்கும் மிதி கூட இருந்தது!

முத்தையாவுக்கு வந்த கேள்வி இதுதான். ஆங்கிலக் கடிதத்தை மெஷின் அடிக்கிறது, தமிழ்க் கடிதத்தை ஏன் அடிக்கக் கூடாது?

கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. மெஷினில் இருப்பதோ சுமார் 46 விசை. ஷிஃப்ட் போட்டு மேல் ஒன்று கீழ் ஒன்று வைத்தாலும் 92 இடம்தான். அதிலேயே எண், புள்ளி, கமா எல்லாம் அடங்க வேண்டும்.

முத்தையா எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். கொம்பும் காலும் தனி. ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பிரச்சினை இல்லை. ‘கி’, ‘மி’, ‘க்’ வரும்போதுதான் சிக்கல். ஒரு விசையைத் தட்டியதும் காகிதம் சுற்றிய உருளை ஒரு படி நகர்ந்துவிடும். அது நகர்ந்த பிறகு புள்ளியைத் தட்டினால் எழுத்தின் தலையில் விழாது, பக்கத்தில் தனியாகப் போய் விழும்.

அதற்கு அவர் கண்ட வழிதான் நகரா விசை. அந்த விசையைத் தட்டினால் எழுத்து விழும், உருளை நகராது. அதனால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், பிறகு ‘க’. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ‘க்’ ஆகிவிடும். நாம் கையால் எழுதும்போது புள்ளி கடைசி. மெஷினில் புள்ளி முதல்! அவ்வளவுதான் வித்தியாசம். தமிழை மெஷினுக்காக ஒடிக்காமல், மெஷினில் ஒரு பல்லை மட்டும் நிறுத்தி வைத்தார்.

அப்படி வந்த முதல் மெஷினுக்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர். வந்துவிட்டதே என்று அவர் சும்மா இருக்கவில்லை. அதில் இருந்த குறைகளைப் பார்த்துத் திருத்தி, பிஜோ, ஐடியல் என்ற மெஷின்களில் தமிழைக் கொண்டு வந்தார். செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் கம்பெனி. அதுவும் 1868-ல் தொடங்கிய, தையல் மெஷினுக்குப் பேர் போன கம்பெனிதான். தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத ஜெர்மன் தொழிலாளிகள் கொம்பையும் காலையும் இரும்பில் வெட்டிக் கொடுத்தார்கள் என்றால், இவர் வரைந்து கொடுத்த கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும்!

1956-ல் இங்கே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. ஆபீஸ்களில் தமிழில் எழுத வேண்டும் என்றால் தமிழ் மெஷின் வேண்டுமே! அது அதற்கு முன்பே தயாராக இருந்தது. பிறகு பலர் கைபட்டு விசைகளின் இடம் மாறியது. ஆனால் நகரா விசை போகவில்லை. இன்றும் இன்ஸ்டிடியூட்டில் முதல் பாடம் ய, ள, ன, க. ‘க’ விசைக்கு ஷிஃப்ட் போட்டால் ‘கு’, ‘ம’ விசைக்கு ‘மு’. நமக்கு டிப்ளமா கொடுக்கும் அதே தொழில்நுட்பக் கல்வித் துறைதான் டைப்ரைட்டிங் பரீட்சையும் நடத்துகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கோத்ரெஜ் கம்பெனி 2009-ல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்திவிட்டது. 1999-ல் தமிழக அரசு கம்ப்யூட்டருக்கு என்று தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டு வந்தது. அதில் உருளையும் இல்லை, நகர்வதும் இல்லை. புள்ளி மறுபடி எழுத்துக்குப் பின்னால் வந்துவிட்டது. ஆனாலும் டைப்ரைட்டர் முறையில் பழகிய விரல்கள் இன்னும் கம்ப்யூட்டரிலும் அதே முறையில்தான் அடிக்கின்றன.

கடைசியாக ஒன்று. எங்க அப்பா நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்கு மனு கொடுக்க வேண்டுமென்றால், இத்தனை வருஷமாக ஒருத்தர் கடை வாசலில் காத்திருந்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்து வாங்குவார். அவர் சொல்வது ஒன்று இருக்கும், காகிதத்தில் வருவது வேறொன்று இருக்கும். அட்டைத் துண்டு வைத்த அந்தக் கீபோர்டில் நான் முதலில் அடித்தது அப்பாவின் மனுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, நான் சொன்னது அப்படி இல்லை என்று திருத்தினார். திருத்தினேன். பிறகு வாங்கி ஒரு முறை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளி இருந்தது என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் எழுத்தின் தலைமேல் சரியாக உட்கார்ந்திருந்தது. சுண்டிக்குழி முத்தையா அய்யாவுக்கு என் வணக்கம்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு