தெரிந்த பெயர், தெரியாத வாழ்க்கை: புச்சி பாபு



ஆகஸ்டு மாதம் வந்தால் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் புச்சி பாபு கோப்பை என்ற பெயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரஞ்சி சீசனுக்கு முன்னால் வெளி மாநில அணிகள் தமிழ்நாட்டுக்கு வந்து ஆடும் போட்டி அது. நடுவில் சில ஆண்டுகள் நின்றிருந்து 2023-ல் மறுபடியும் தொடங்கியது. பெயர் நமக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். நம் வளாகத்துப் பிள்ளைகள் ஸ்டம்புக்குப் பதிலாகச் செங்கல்லை அடுக்கி வைத்து ஆடுவதைத் தினமும் பார்க்கும் நாம், இந்த ஊருக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்து சேர்த்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

அவருடைய முழுப் பெயர் மோதவரப்பு வெங்கடமகிபதி நாயுடு. பிறந்தது 1868. புச்சி பாபு என்பது வீட்டில் அழைத்த செல்லப் பெயர். அதுவே ஊர்ப் பெயராகி, கடைசியில் சரித்திரப் பெயராகவும் ஆகிவிட்டது.

அவரை வளர்த்தவர் தாய்வழித் தாத்தா. பாரி கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். இன்றைக்கு நாம் பாரிமுனை என்று சொல்கிறோமே, அந்தப் பாரிதான். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சு, கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பவர் துபாஷி. அந்த வேலையில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பங்கள் அன்றைய சென்னையில் பல உண்டு. இவர்களுடையதும் அப்படித்தான். மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய பங்களா அவர்கள் இருந்த இடம்.

அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஆங்கிலேயப் பெண்மணிகளை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப் போவது வழக்கம். அங்கே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம் இருந்தது. 1846-ல் தொடங்கிய அந்தக் கிளப் முழுக்க முழுக்க ஐரோப்பியர்களுக்கானது. வெள்ளைக்காரர்கள் ஆடுவதை ஓரத்தில் நின்று பார்த்த பையனுக்கு அந்த ஆட்டம் மனதில் பதிந்துவிட்டது. வளர்ந்ததும் குதிரையேற்றம் போன்ற மற்ற விளையாட்டுகளிலும் ஈடுபட்டார் என்றாலும் உயிர் கிரிக்கெட்டின் மேல்தான்.

மரத்தடியும் பெவிலியனும்

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சேப்பாக்கம் மைதானத்தில் ஆட இந்தியர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தாலும், பெவிலியனுக்குள் இடம் கிடையாது. உடை மாற்றுவது மரத்தடியில். மதியச் சாப்பாடும் மரத்தடியில். அதே பந்தை அதே பிட்சில் போட்டவர்கள், அதே வெயிலில் ஓடியவர்கள், இடைவேளை வந்ததும் ஒரு அணி உள்ளே போகும், இன்னொரு அணி வெளியே நிற்கும்.

புச்சி பாபுவுக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய வசதிக்கும் செல்வாக்குக்கும் அவர் கவலைப்படாமல் வீட்டில் இருந்திருக்கலாம். மனு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்தும் இருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையில் இருந்த எஸ்பிளனேடு பகுதியில் கிளப்புக்கு மைதானம் அமைந்தது. நம் ஆட்களுக்கு நம் மைதானம், நம் நிழல், நம் சாப்பாட்டு மேசை.

ஆட்டத்துக்கு வேண்டிய சாமான்கள் அன்றைக்கு எளிதில் வாங்கக்கூடியவை அல்ல. மட்டை, பந்து, கால் காப்பு எல்லாம் கப்பலில் வர வேண்டும். ஆட ஆசையும் திறமையும் உள்ள இளைஞர்களுக்கு அதெல்லாம் எட்டாத விலை. புச்சி பாபு தன் கைப்பணத்திலிருந்து வாங்கிக் கொடுத்தார். பழக்கியும் விட்டார். நான் ஆயுள் முழுக்க வங்கியில் பேரேடு எழுதியவன், ஆகவே எதைப் பார்த்தாலும் பற்று வரவாகத்தான் தோன்றும். அந்தக் கணக்கில் பற்றுப் பக்கம் மட்டும் நிரம்பிக்கொண்டே போயிருக்கும். வரவு அவர் ஆயுளில் வரவில்லை. பின்னால் வந்தது, அதுவும் அவருக்கு வரவில்லை, ஊருக்கு வந்தது.

இத்தாலியிலும் இதே கதை

இது நம் ஊரில் மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கால்பந்து என்றால் உயிரை விடும் இத்தாலியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜெனோவா துறைமுகத்தில் 1893-ல் ஆங்கிலேயர்கள் ஒரு கிளப் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே கிரிக்கெட் இருந்தது. இன்றும் அந்தக் கால்பந்து அணியின் முழுப் பெயரில் கிரிக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் அங்கேயும் உள்ளூர்க்காரர்களான இத்தாலியர்களுக்கு உறுப்பினர் ஆக அனுமதி இல்லை. 1897-ல் ஜேம்ஸ் ஸ்பென்ஸ்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் முயற்சியால் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே, 1898-ல், இத்தாலியின் முதல் கால்பந்து சாம்பியன் பட்டம் அந்தக் கிளப்புக்குத்தான் கிடைத்தது. அப்புறம் அந்த விளையாட்டு இத்தாலியர்களின் சொந்த விளையாட்டே ஆகிவிட்டது.

இரண்டு ஊருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜெனோவாவில் உள்ளே இருந்த ஒருவர் கதவைத் திறந்தார். சென்னையில் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் வேறு வீடு கட்டினார். கட்டியதோடு நிற்காமல், கதவைச் சாத்தி வைத்திருந்தவர்களையே சமமாக நின்று ஆட வரும்படி அழைத்தார். அதுதான் புச்சி பாபுவின் பெருமை என்று எனக்குப் படுகிறது.

பார்க்காமல் போன ஆட்டம்

இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையே ஒரு முறையான பந்தயம் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்காரர்களுடன் பேசிப் பேசி, 1908-ஆம் ஆண்டின் கடைசியில் அதை நடத்த ஏற்பாடு செய்துவிட்டார். இருபது ஆண்டு உழைப்பு கைகூடும் நேரம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே புச்சி பாபு காலமாகிவிட்டார். வயது 40.

ஏற்பாடு செய்தவர் போய்விட்டார் என்று ஆட்டத்தை விட்டுவிடவில்லை. திட்டமிட்டபடி பந்தயம் நடந்தது. அதுவே பின்னால் மாகாணப் போட்டியாக வளர்ந்தது. 1915-16 முதல் முதல்தர ஆட்டம் என்ற தகுதியோடு, பொங்கல் விடுமுறையை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்துவந்தது. பொங்கல் மேட்ச் என்றே ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது. பானையில் பொங்கல் வைப்பது போல, கரும்பு கடிப்பது போல, சென்னைக்காரர்களுக்கு அந்த மேட்சும் பண்டிகையில் ஒரு பகுதி.

அந்தப் பந்தயம் இரண்டு பக்கத்தையும் மெல்ல மெல்ல மாற்றியது. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், நம் பகுதிக்காரர் என்பதால். செங்கல்பட்டு மாவட்டம் மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன் என்ற இளைஞரின் வேகப்பந்தைக் கண்டறிந்து, பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஐரோப்பிய அணிக்குத் தலைமை தாங்கிய ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தபோது முதல் பந்தை வீசியவர் அதே கோபாலன். மரத்தடியில் சோறு தின்னவிட்ட காலத்திலிருந்து அரை நூற்றாண்டுக்குள் இவ்வளவு தூரம்.

பிள்ளைகளும் ஊரும்

புச்சி பாபுவின் பிள்ளைகள் தகப்பனார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1909-ல், அவர் பெயரில் போட்டி தொடங்கியது. நீங்கள் செய்தித்தாளில் பார்க்கும் கோப்பை அதுதான்.

பிள்ளைகளில் ஒருவர் கோட்டா குடும்பத்துக்குத் தத்துப் போனார். கோட்டா ராமசாமி என்று பெயர். தகப்பனார் இறந்தபோது அவருக்கு 12 வயது. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-ல், 40 வயதில், மான்செஸ்டரில் டெஸ்ட் கிரிக்கெட்டில் அறிமுகமாகி 40, 60 என்று இரண்டு இன்னிங்ஸிலும் ரன் எடுத்தார். தகப்பனாருடைய ஆயுள் முடிந்த அதே வயதில் மகன் டெஸ்ட் ஆடத் தொடங்கியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 1985-ல் ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பிய ராமசாமி திரும்பி வரவே இல்லை என்பது தனிச் சோகம்.

பொங்கல் மேட்ச் கடைசியாக நடந்த ஆண்டு 1952. அதே ஆண்டு பிப்ரவரி 10 அன்று அதே சேப்பாக்கத்தில் இந்தியா இங்கிலாந்தை இன்னிங்ஸ் கணக்கில் தோற்கடித்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் வெற்றி அது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். இந்தியர் மரத்தடியில் உடை மாற்றிய மைதானத்தில் இது நடந்தது. இனிமேல் இந்தியரா ஐரோப்பியரா என்று பார்க்கத் தனியாக ஒரு பொங்கல் மேட்ச் தேவைப்படவில்லை.

நமக்கு என்ன?

இவ்வளவையும் இந்தச் செய்திமடலில் எழுதக் காரணம் இருக்கிறது. திருமுடிவாக்கத்தில் காலி மனைகள் ஒவ்வொன்றாகக் கட்டடமாகிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பையன்கள் ஆடும் இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. கார் நிறுத்துமிடத்தில் ஆடினால் கண்ணாடி உடையும் என்று நாம் சத்தம் போடுகிறோம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இங்கே ஆடாதே என்று சொல்கிறவர்கள் எங்கே ஆடலாம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? அதிலும் நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், காவலாளியின் பிள்ளை, இவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். நமக்கும் ஒரு பெவிலியன் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு மரத்தடி இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு விஷயங்களைப் பேசலாம் என்பது என் யோசனை. ஒன்று, பின்புறத் திறந்தவெளியை மாலை 4 முதல் 6 மணி வரை பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குவது. இரண்டு, வரும் பொங்கலுக்கு ஒரு கிரிக்கெட் மேட்ச் வைத்து, வளாகத்துக்குள் இருக்கும் பிள்ளைகளையும் வெளியே இருந்து வரும் பிள்ளைகளையும் கலந்து அணி பிரிப்பது. பந்துக்கும் மட்டைக்கும் ஆகும் செலவில் என் பங்கைத் தர நான் தயார். மதியச் சாப்பாடு மட்டும் எல்லாருக்கும் ஒரே பந்தலில் இருக்கட்டும்.