ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்



டிசம்பர் 22 தேசியக் கணித நாள். அதனால கணித மேதை சீனிவாச ராமானுஜன் பற்றி எழுதச் சொல்லி கணக்கு டீச்சர் சொன்னாங்க. ராமானுஜன் என்றாலே எல்லாரும் 1729 பற்றித்தான் எழுதுவாங்க. நான் வேற எண்ணை எடுத்துக்கிட்டேன். 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600!

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். பள்ளியில் பரிசுகள் வாங்கிய பையன்தான். ஆனால் கார் என்பவர் எழுதிய கணிதப் புத்தகம் கைக்கு வந்ததிலிருந்து மற்ற பாடங்களைத் தொடவே இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கோட்டை விட்டது கணக்கில் இல்லை, மற்ற பாடங்களில்.

எங்க தெருவில் பத்தாவதில் ஒரே ஒரு பாடம் போனதுக்கே ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிவிட்ட அக்காக்கள் இருக்காங்க. ராமானுஜனும் வேலையில்லாமல் அலைந்தார். காகிதம் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார்.

இப்போ என் எண்ணுக்கு வருகிறேன். நம்ம கம்பம் திராட்சை 12 பெட்டி இருக்குன்னு வைங்க. 1, 2, 3, 4, 6, 12 பேருக்குச் சமமாகப் பிரிக்கலாம். ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 13 பெட்டி என்றால் ஒருத்தரே தூக்கிட்டுப் போகணும், இல்லைன்னா 13 பேர் வரணும்! இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் கொண்டது உயர்பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும்.

இவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால் ஓர் ஒழுங்கு இருப்பதை ராமானுஜன் நிரூபித்தார். சிறிய பகா எண் எத்தனை தடவை வருதோ, அதைவிடப் பெரியது அதிக தடவை வராது. கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும். 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு.

1915-ல் 60 பக்கங்களுக்கு மேல் இந்தக் கட்டுரை லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. கழகத்துக்குப் பணமுடை என்பதால் மிச்சம் அச்சாகவில்லை. அது 1997-ல்தான் ஒரு கணித இதழில் வந்தது. ஆனாலும் இந்த ஆராய்ச்சிக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு!

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரை உயர்பகு எண்களின் பட்டியல் இருக்கு. கால்குலேட்டர் இல்லாத காலம். அதில் விட்டுப்போனதுதான் என் எண். அதைப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். அந்த 5040-ம் ஓர் உயர்பகு எண்தான்! இன்னொண்ணு, விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் அப்படியே வருது. நான் நோட்டில் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 தான். மனைவி ஜானகி அம்மாள் தையல் தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தாங்க.