கேரி கில்டால்

கேரி ஆர்லென் கில்டால் (மே 19, 1942 – ஜூலை 11, 1994) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். நுண்கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட முதல் இயக்குதளமான சிபி/எம்மை உருவாக்கியவர் இவர். தம் மனைவி டோரத்தி மெக்யூவனுடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். இயக்குதளத்தில் வன்பொருளைச் சார்ந்த பகுதியை ஏனைய பகுதியிலிருந்து தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டதும் இவரே. ஒரே நிரல் பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்குவதற்கு இப்பிரிப்பு வழிவகுத்தது. இயக்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் ஒரு கருவியோ பழைய நிரலோ இயங்காமற் போகும்போது, அச்சிக்கல் பெரும்பாலும் கில்டால் வகுத்தது போன்றதோர் எல்லைக்கோட்டிலேயே எழுகிறது.

பிறப்பும் கல்வியும்

கில்டால் வாசிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் அந்நகரில் கடற்பயண வழிச்செலுத்தலைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராகும் நோக்குடன் சேர்ந்த கில்டாலுக்கு, அங்குக் கணினியில் ஆர்வம் ஏற்பட்டது. அதே பல்கலைக்கழகத்தில் 1972 இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

கட்டாயப் படைச் சேவையின் பொருட்டு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த இவர், கலிபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கற்பிக்கும் பணியை ஏற்றார். நிரல்மொழிமாற்றிகள் உருவாக்கும் நிரலை மேம்படுத்துவது குறித்து 1973 இல் இவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தரவுப்பாய்வுப் பகுப்பாய்வுக்கு அடித்தளமிட்டது. அதில் விளக்கப்பட்ட முறை இன்றும் கில்டால் முறை என்று பாடநூல்களில் குறிப்பிடப்படுகிறது.

இன்டெல் நிறுவனத்தில்

இன்டெல் நிறுவனம் 1971 இல் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கில்டால் அதனை வாங்கி, அதற்கு நிரல்கள் எழுதிப் பார்த்தார். பின்னர் விடுமுறை நாட்களில் இன்டெலின் ஆலோசகராகவும் பணியாற்றினார். நுண்செயலிகளுக்கு அக்காலத்தில் பொறிமொழியிலோ அதற்கு அணித்தான மொழியிலோதான் நிரல் எழுத வேண்டியிருந்தது. கில்டால் பிஎல்/எம் என்னும் உயர்நிலை நிரல்மொழியை இன்டெலுக்காக 1973 இல் உருவாக்கினார்.

சிபி/எம் இயக்குதளம்

நெகிழ்வட்டில் கோப்புகளைச் சேமிக்கவும் படிக்கவும் ஓர் இயக்குதளம் தேவைப்பட்டதால் கில்டால் சிபி/எம்மை எழுதினார். வட்டு இயக்கியைக் கணினியுடன் இணைக்கும் மின்சுற்றை இவருடைய நண்பர் ஜான் டொரோட் அமைத்தார். இயக்குதளத்தின் முதல் முன்மாதிரி 1974 இல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் நகரில் இயங்கிக் காட்டப்பட்டது. அதனை விற்பதில் இன்டெல் அக்கறை காட்டவில்லை. எனவே கில்டாலும் டோரத்தியும் இன்டர்கலாக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கித் தாமே விற்பனையில் இறங்கினர். பெயரின் முதற்சொல் பின்னர் கைவிடப்பட்டது.

பயாஸ்

தொடக்ககால நுண்கணினிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டிருந்தன. வட்டு இயக்கி, திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இணைத்தது. ஆகவே ஒரு கணினிக்கு எழுதிய இயக்குதளத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லப் பல இடங்களில் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. இம்சாய் நிறுவனம் தன் கணினிகளுக்குச் சிபி/எம்மைக் கேட்டபோது, மீண்டும் ஒருமுறை அதனைத் திருத்தி எழுதுவதற்கு மாறாகக் கில்டால் அதன் அமைப்பையே மாற்றினார். அவ்வமைப்பில் மூன்று பகுதிகள் இருந்தன.

முதலாவது, பயனரின் கட்டளைகளை ஏற்கும் சிசிபி. இரண்டாவது, கோப்புகளை மேலாளும் பிடாஸ். மூன்றாவது, வன்பொருளை நேரடியாக இயக்கும் பயாஸ். முதலிரண்டும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானவை. பயாசை மட்டும் அந்தந்தக் கணினி நிறுவனம் எழுதிச் சேர்த்தாற் போதும். பயன்பாட்டு நிரல் நினைவகத்தின் 5 ஆம் முகவரியை அழைத்துத் தனக்கு வேண்டிய பணியின் எண்ணைத் தெரிவிக்கும். பிடாஸ் அதனைப் பயாசுக்குரிய சிறு பணிகளாக மாற்றும். வட்டு யாருடையது, திரை எவ்வகையினது என்பன நிரலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. வேர்ட்ஸ்டார் சொற்செயலி, டிபேஸ் II தரவுத்தளம் முதலிய நிரல்கள் பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்கின. இன்டெல் 8080, சைலாக் இசட்80 ஆகிய நுண்செயலிகள் இல்லாத ஆப்பிள் II கணினியிற்கூட, மைக்ரோசாப்ட் 1980 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இசட்80 அட்டையைச் செருகிச் சிபி/எம் இயக்கப்பட்டது.

இணக்கச் சிக்கல்கள்

பயாஸ் எல்லா வேறுபாடுகளையும் மறைத்துவிடவில்லை. சிபி/எம் பயனர்கள் எதிர்கொண்ட சிக்கல்களை நான்காக வகுக்கலாம்.

நினைவக அமைப்பு: சிபி/எம் நிரல்கள் 256 ஆம் முகவரியிலிருந்து தொடங்குமாறு எழுதப்பட்டன. டிஆர்எஸ்-80 மாடல் I கணினியில் அவ்விடத்தை மாற்றவியலாத நினைவகம் நிரப்பியிருந்தது. அதற்கெனத் திருத்தப்பட்ட சிபி/எம்மில் நிரல்கள் 16,896 ஆம் முகவரியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தன. எனவே வழக்கமான சிபி/எம் நிரல்கள் அதில் இயங்கவில்லை.

வட்டு வடிவம்: 8 அங்குல நெகிழ்வட்டுக்கு 77 தடங்கள், தடமொன்றுக்கு 26 பிரிவுகள், பிரிவொன்றுக்கு 128 பைட்டுகள் என்ற பொது அமைப்பு இருந்தது. பின்னர் வந்த 5¼ அங்குல வட்டுகளுக்கு அத்தகைய பொது அமைப்பு உருவாகவில்லை. இதனால் நிரல் இணக்கமாக இருந்தும், அது பதிந்திருந்த வட்டை வேறு நிறுவனத்தின் கணினியாற் படிக்க முடியாமற் போயிற்று.

திரை: எழுத்தை அனுப்பும் முறையைப் பயாஸ் பொதுவாக்கியது; திரையைத் துடைப்பது, குறித்த இடத்தில் எழுதுவது ஆகியவற்றைப் பொதுவாக்கவில்லை. அவற்றுக்கான குறியீடுகள் முனையத்துக்கு முனையம் வேறுபட்டன. ஆகவே வேர்ட்ஸ்டார் போன்ற நிரல்களை நிறுவும்போது பயனர் தம் முனையத்தின் வகையைத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

பதிப்பு மாற்றம்: சிபி/எம் 1.4 பதிப்பில் 8 அங்குல வட்டின் அளவுகள் பிடாசுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. 1979 இல் வெளிவந்த 2 ஆம் பதிப்பில் கில்டால் அவ்வளவுகளை அட்டவணைகளாகப் பயாசுக்கு மாற்றினார். இதனால் 8 மெகாபைட்டு வரையிலான வட்டுகளையும் பயன்படுத்த முடிந்தது. ஆனால் பயாசின் பணிகள் 15 இலிருந்து 17 ஆயின. பழைய பயாஸ் புதிய பதிப்புக்கு உதவவில்லை. 1983 இல் வெளிவந்த 3 ஆம் பதிப்பில் இவ்வெண்ணிக்கை 33 ஆக உயர்ந்தது. பிடாசை மட்டும் அழைத்த நிரல்கள் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கின. பிடாசைத் தவிர்த்து வட்டுப் பணிகளுக்குப் பயாசை நேரடியாக அழைத்தவை இடருக்குள்ளாயின. கணினி நிறுவனம் புதிய பயாசை எழுதித் தராவிட்டால், பயனர் பழைய பதிப்பிலேயே தங்க நேர்ந்தது.

ஐபிஎம் பேச்சுவார்த்தை

ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினிக்கு இயக்குதளம் தேடி 1980 இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்துக்கு வந்தது. அன்று காலை கில்டால் வேறொரு வாடிக்கையாளரைச் சந்திக்கத் தம் விமானத்தில் சென்றிருந்தார். வழக்கமாக வணிக உடன்பாடுகளைக் கவனித்துவந்த டோரத்தி, ஐபிஎம் முன்வைத்த இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் உடனே கையொப்பமிடத் தயங்கினார். கில்டால் விளையாட்டாக விமானம் ஓட்டச் சென்று வாய்ப்பை இழந்தார் என்ற கதை பின்னர் பரவியது. இவரோ தாம் அலுவல் நிமித்தமே சென்றதாகவும், பிற்பகலில் ஐபிஎம் குழுவினரைச் சந்தித்ததாகவும் கூறிவந்தார். அந்நாளின் நிகழ்வுகள் குறித்து அதில் தொடர்புடையோரின் கூற்றுகள் வேறுபடுகின்றன. உடன்பாடு ஏற்படவில்லை என்பது மட்டும் உறுதி.

இதற்கிடையே சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனம் இன்டெல் 8086 நுண்செயலி கொண்ட அட்டையை விற்றுவந்தது. அதற்கேற்ற சிபி/எம்-86 தாமதமானதால், அந்நிறுவனத்தின் டிம் பேட்டர்சன் 1980 இல் 86-டாஸ் என்னும் இயக்குதளத்தை எழுதினார். சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளும் பொருட்டு, இயக்குதளத்தை நிரல்கள் அழைக்கும் முறையைச் சிபி/எம்மை ஒத்ததாகவே அவர் அமைத்தார். மைக்ரோசாப்ட் அதனை வாங்கி மேம்படுத்தி ஐபிஎம்முக்கு அளித்தது. இது தம் படைப்பின் நகல் என்று கில்டால் கருதினார். பேட்டர்சன் அதனை மறுத்தார்.

கில்டாலின் எதிர்ப்பைத் தொடர்ந்து, சிபி/எம்-86 ஐயும் தன் கணினிக்கு விற்க ஐபிஎம் இசைந்தது. ஆயினும் பிசி டாஸ் 40 டாலருக்கும் சிபி/எம்-86 240 டாலருக்கும் விற்கப்பட்டன. பெரும்பாலோர் முதலாவதையே தேர்ந்தனர். கில்டாலின் இயக்குதளத்துடன் இணக்கமாக இருக்க எழுதப்பட்ட ஒன்று சந்தையைக் கைப்பற்றியபின், இணக்கத்தின் அளவுகோலாக டாஸ் அமைந்தது.

ஐபிஎம் கணினியிலும் பயாஸ் என்ற பெயர் நிலைத்தது. அங்கு அதன் முதன்மைப் பகுதி வட்டில் இல்லாமல் கணினியின் நிலை நினைவகத்தில் பொதியப்பட்டது. லோட்டஸ் 1-2-3 போன்ற நிரல்கள் வேகத்தின் பொருட்டுப் பயாசைத் தவிர்த்துத் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதின. அதனால் டாஸ் இயங்கிய எல்லாக் கணினிகளிலும் அவை இயங்கவில்லை. வன்பொருள் அளவிலும் ஐபிஎம் கணினியை ஒத்தவையே சந்தையில் நிலைத்தன.

டிஆர் டாஸ்

டிஜிட்டல் ரிசர்ச் 1985 இல் ஜெம் என்னும் வரைகலை இடைமுகத்தை வெளியிட்டது. டாஸ் நிரல்களை இயக்கவல்ல டிஆர் டாஸ் 1988 இல் வெளிவந்தது. முன்னர்ச் சிபி/எம்முக்கு இணக்கமாக டாஸ் எழுதப்பட்டது போல, இப்பொழுது டாசுக்கு இணக்கமாகக் கில்டாலின் நிறுவனம் எழுத வேண்டியிருந்தது. 1990 இல் வெளிவந்த டிஆர் டாஸ் 5.0 நினைவக மேலாண்மையில் அன்றைய எம்எஸ் டாசை விஞ்சியது. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நோவெல் 1991 இல் வாங்கியது. கில்டால் அதிலிருந்து விலகினார்.

அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 3.1 சோதனைப் பதிப்பு, மைக்ரோசாப்டினது அல்லாத டாசின் மீது நிறுவப்பட்டபோது பொருள் விளங்காத பிழைச் செய்தி ஒன்றைக் காட்டியது. அச்சோதனையைச் செய்த நிரற்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. 1992 இல் வெளியான இறுதிப் பதிப்பில் அப்பகுதி இருந்தபோதிலும் செய்தி முடக்கப்பட்டிருந்தது. டிஆர் டாசின் உரிமையைப் பின்னர்ப் பெற்ற கால்டெரா 1996 இல் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2000 இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. மைக்ரோசாப்ட் செலுத்திய தொகை 28 கோடி டாலர் என்பது 2009 இல் வெளியாயிற்று. தொழில்நுட்பக் காரணத்தால் எழும் இணக்கமின்மையையும், வேண்டுமென்றே உருவாக்கப்படும் இணக்கமின்மையையும் பயனரால் வேறுபடுத்தி அறிய முடிவதில்லை என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

பிற பணிகள்

கில்டால் 1990 வரை கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராக விளங்கினார். இவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் குரோலியர் கலைக்களஞ்சியத்தை 1985 இல் குறுவட்டில் வெளியிட்டது. கலைக்களஞ்சியம் ஒன்றைக் கணினியில் தேடிப் படிக்கச் செய்த தொடக்க முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இறுதிக் காலமும் நினைவும்

நோவெலுக்கு நிறுவனத்தை விற்றபின் கில்டால் டெக்சாசின் ஆஸ்டின் நகருக்கு அருகே குடியேறினார். ஐபிஎம் வாய்ப்பைத் தவறவிட்டவர் என்றே தாம் அறியப்படுவது இவரை வருத்தியது. தம் நினைவுக் குறிப்புகளை எழுதிச் சில நண்பர்களுக்கு மட்டும் அளித்தார். 1994 சூலை 8 ஆம் நாள் மான்டரேயில் ஒரு மதுக்கடையில் விழுந்து தலையில் காயமுற்று, மூன்று நாட்களின் பின் தம் 52 ஆம் அகவையில் காலமானார். இவருடைய உடல் சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்டது.

இவருடைய பணிக்காக மென்பொருள் வெளியீட்டாளர் சங்கம் 1995 இல் சிறப்புச் செய்தது. டிஜிட்டல் ரிசர்ச் இயங்கிய பசிபிக் குரோவ் கட்டடத்தில், சிபி/எம்மை நினைவுகூரும் பட்டயம் ஒன்றை மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 2014 இல் பதித்தது. அதே ஆண்டில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் சிபி/எம்மின் தொடக்கப் பதிப்புகளின் மூல நிரலையும், 2016 இல் கில்டாலின் நினைவுக் குறிப்புகளின் முதற்பகுதியையும் வெளியிட்டது.

இன்றைய கணினிகளில் பயாசின் இடத்தை யூஇஎஃப்ஐ பெரும்பாலும் பிடித்துவிட்டது. எனினும் பேச்சுவழக்கில் பயாஸ் என்ற பெயரே நிலைத்துள்ளது. இயக்குதளங்களில் கருவிகளை இயக்கும் இயக்கி மென்பொருள்களும் கில்டாலின் பிரிப்பைப் போன்றே செயற்படுகின்றன: பொதுவான பகுதி ஒரு புறம், கருவிக்கே உரிய பகுதி மறு புறம். இயக்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறும்முன், தம் கருவிகளுக்குரிய இயக்கிகளை உற்பத்தியாளர் வழங்குகின்றனரா எனப் பயனர் பார்க்க வேண்டியிருப்பதும் இதனாலேயே. அன்று புதிய பயாசுக்காகக் காத்திருந்த சிபி/எம் பயனரின் நிலையும் இதுவே.