ஸ்ரீரங்கத்து ரங்கராஜனும் ஓட்டுப் பெட்டியும்

லினக்ஸ் கெர்னலை நீங்களே சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? மெனுகான்ஃபிக்ல எது வேணும், எது வேண்டாம்னு ஒவ்வொண்ணா டிக் பண்ணணும். 'மேக்' கொடுத்துட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கத் தேவையான ஃபைல் சிஸ்டத்தை மறந்து விட்டுட்டா, ரீபூட் பண்ணினதும் கெர்னல் பேனிக். அப்போதான் உறைக்கும். யாரோ எடுத்த ஆயிரக்கணக்கான முடிவுகள் நம்ம லேப்டாப்புக்குள்ள ஓடுது, அதை நம்பித்தான் நாம உட்கார்ந்திருக்கோம்.

லேப்டாப்னா பரவாயில்லை, மறுபடி கம்பைல் பண்ணிக்கலாம். ஒரு நாடே நம்ப வேண்டிய மெஷின்னா? அப்படி ஒரு மெஷினில் வேலை பார்த்தவர் நம்ம ஊர்க்காரர். எழுத்தாளராக அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: சுஜாதா.

இயற்பெயர் ரங்கராஜன். 1935 மே 3-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகும் வேலை என்பதால், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். நீங்க இன்னிக்கு அண்ணாந்து பார்க்கிற ராஜகோபுரம் அப்போ கிடையாது. அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டை கோபுரம்தான் இருந்தது. அது முழுசா எழுந்தது 1987-ல். அந்தத் தெருக்களும் மனிதர்களும் பிறகு 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளாக வந்தார்கள்.

பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்தில். காவிரிக்கு இந்தப் பக்கம் வந்து செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அதே காலத்தில் அங்கே படித்த இன்னொருவர் அப்துல் கலாம். இரண்டு பேரும் அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள். கலாம் விமானத் துறையை எடுத்தார், ரங்கராஜன் எலெக்ட்ரானிக்ஸ்.

முதல் வேலை மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில். பிறகு பெல். நம்ம திருவெறும்பூர் பெல் இல்லைங்க, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். நடுவில் கதைகள் பத்திரிகைகளில் வர ஆரம்பித்தன. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

இப்போ அந்தப் பெட்டிக்கு வருவோம். எலெக்ட்ரானிக் ஓட்டு மெஷினை சுஜாதா தனி ஆளாகக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அது சரியில்லை. தேர்தல் ஆணையத்துக்காக அதை உருவாக்கியவை இரண்டு அரசு நிறுவனங்கள்: பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் சுஜாதா. அதற்காக வாஸ்விக் விருதும் வாங்கினார்.

எஞ்சினியரிங் ஸ்டூடண்டா அந்த டிசைனைப் பாருங்க. கரன்ட் இல்லாத கிராமத்திலும் ஓடணும், அதனால் பேட்டரி. அதிகாரி தன் கன்ட்ரோல் யூனிட்டில் பட்டன் அமுக்கினால்தான் அடுத்த ஓட்டு விழும், ஒரு அமுக்கலுக்கு ஒரு ஓட்டு. ஒரு பேலட் யூனிட்டில் 16 வேட்பாளர்கள் வரை. உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டமே கிடையாது, நெட்வொர்க் கிடையாது. ஒரே வேலையைச் செய்யும் ஒரு சின்ன புரோகிராம், சிப்பில் ஒரு தடவை எழுதினால் திரும்ப மாற்ற முடியாத மாதிரி. மெனுகான்ஃபிக்ல எல்லாத்தையும் அன்டிக் பண்ணிட்டு, ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுவைக்கிற மாதிரி.

அவ்வளவு கவனமாகச் செய்தும் முதல் அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மெஷினைப் பயன்படுத்தினார்கள். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. சட்டத்தில் இப்படி ஒரு மெஷினுக்கு இடமே இல்லை என்று 1984-ல் கோர்ட் அந்த ஓட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. அந்த 50 சாவடிகளில் மறுபடி ஓட்டுப் போட்டதும், ஜெயித்தவரே மாறிவிட்டார். மெஷின் கூட்டலில் தப்புப் பண்ணவில்லை. சட்டத் திருத்தம் 1988-ல்தான் வந்தது. 2004-ல் மொத்த நாடாளுமன்றத் தேர்தலும் மெஷினிலேயே நடந்தது. அதைப் பார்க்க சுஜாதா இருந்தார்.

இதே ஆள் எழுதிய 'என் இனிய இயந்திரா'வை யோசிச்சுப் பாருங்க. படிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க, கதை உடையும். ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டிதான் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா கதையின் மையம் ஜீவா. நாட்டையே ஆளும் ஜீவா நிஜ மனிதன் இல்லை, வெறும் ஹாலோகிராம் பிம்பம். ஓட்டு மெஷின் செய்த ஒருவரே, திரையில் தெரிவதை அப்படியே நம்பும் ஜனங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

கெர்னலை நாம நம்பலாம், ஏன்னா சோர்ஸ் திறந்து கிடக்கு, யார் வேணும்னாலும் படிக்கலாம், மாத்தலாம். ஓட்டு மெஷின் நேர் எதிர் வழி: யாருமே மாற்ற முடியாதபடி மூடிவிடு. அந்த வழியில் ஒரு சிக்கலும் இருக்கு. மாற்ற முடியாததை, ஓட்டுப் போடுபவர் திறந்து பார்க்கவும் முடியாது. அதனால்தான் 2013-லிருந்து ஓட்டு யாருக்குப் போச்சுன்னு சீட்டில் காட்டும் விவிபேட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அப்போ சுஜாதா இல்லை. 2008 பிப்ரவரி 27-ல் சென்னையில் இறந்துவிட்டார்.

மூடிய பெட்டியைச் செய்தவர், மற்ற பெட்டிகளைத் தமிழில் திறந்து காட்டிக்கொண்டே இருந்தார். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', 'ஏன்? எதற்கு? எப்படி?' எல்லாம் அந்த வேலைதான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் சிப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதத் திணறும்போதுதான், அது எவ்வளவு கஷ்டமான வேலைன்னு புரியுது.

இந்த செமஸ்டர் லீவில் ஒரு கெர்னல் கம்பைல் பண்ணுங்க. பேனிக் ஆகட்டும், பரவாயில்லை. ஏன் ஆச்சுன்னு கண்டுபிடிச்சு, அதை வீட்டில் பாட்டிக்குத் தமிழில் சொல்லிப் பாருங்க. பாட்டிக்குப் புரிஞ்சா, உங்களுக்கும் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.