செஞ்சிக்கு வந்த பத்தொன்பது வயது ராஜா

(மூன்றாமாண்டு சிவில் மாணவர் ஒருவர்)

செஞ்சி என்று சொன்னால் நம் வாயில் முதலில் வருவது தேசிங்கு ராஜாதான். கூத்தில் பார்த்திருக்கிறோம், பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. தேசிங்கு போரில் விழுந்தது 1714-இல். அதற்கு 25 வருஷம் முன்னாடியே இதே கோட்டைக்கு இன்னொரு இளைஞர் வந்து சேர்ந்தார். கையில் படை இல்லை, பணம் இல்லை. பத்தொன்பது வயசு. பேர் ராஜாராம். மராட்டிய மன்னர் சத்ரபதி சிவாஜியின் இரண்டாவது மகன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்றே ஒன்று இங்கே. மராட்டியருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நிறைய பேர் கேட்டாங்க. சம்பந்தத்தைத் தொடங்கி வைத்தவர் சிவாஜி. 1677-இல் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஆனால் ஒரு ராஜ்யத்தையே இங்கிருந்து எட்டு வருஷம் நடத்தியவர் ராஜாராம்.

அவர் பிறந்தது 1670 பிப்ரவரியில். தாய் சோயராபாய். அண்ணன் சம்பாஜி வேறு தாய்க்குப் பிறந்தவர், பதிமூன்று வயது மூத்தவர். 1680-இல் சிவாஜி இறந்ததும் சோயராபாயும் சில மந்திரிகளும் சேர்ந்து பத்து வயசுப் பிள்ளையைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். படை சம்பாஜி பக்கம் போய்விட்டது. கொஞ்ச நாளில் சம்பாஜி ராஜாவானார். தம்பி ராய்கட் கோட்டையில் காவலில் இருந்தார். அடுத்த வருஷம் தாயும் இறந்துபோனார். பத்து வயசிலிருந்து பத்தொன்பது வரைக்கும் கோட்டைச் சுவருக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை! போர்க்களம் பார்த்ததில்லை, வரவு செலவு பார்த்ததில்லை. அவரை யாரும் எதற்கும் தயார் செய்யவே இல்லை.

இந்த நிலைமையில்தான் 1689 வந்தது. டில்லி பாதுஷா ஔரங்கசீப் தெற்கே வந்து உட்கார்ந்து, 1686-இல் பீஜப்பூரையும் 1687-இல் கோல்கொண்டாவையும் முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது மராட்டியர் மட்டும். 1689 பிப்ரவரியில் சம்பாஜி பிடிபட்டார், மார்ச்சில் கொல்லப்பட்டார். ராய்கட்டைச் சுல்பிகார்கான் வளைத்துக்கொண்டான். அண்ணி ஏசுபாய் தன் மகன் ஷாகுவை ராஜாவாக்கச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் மைத்துனரை முன்னே நிறுத்தி, நீ வெளியே போய்த் தப்பித்துக்கொள் என்று அனுப்பி வைத்தார். அந்த வருஷ இறுதியில் ராய்கட் விழுந்தது. ஏசுபாயும் ஏழு வயசு ஷாகுவும் கைதிகளானார்கள்.

ராஜாராம் ஏப்ரலில் கிளம்பினார். பிரதாப்கட், பன்ஹாளா, பிறகு மாறுவேஷத்தில் தெற்கே. கேளடி ராணி சென்னம்மா ஔரங்கசீப்பின் கோபத்துக்குப் பயப்படாமல் வழி விட்டார். பெங்களூரில் ஒரு சத்திரத்தில் வேலையாள் அவர் காலைக் கழுவிவிட்டானாம். யாத்திரை போகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். கூட வந்தவர்கள் அங்கேயே தங்கி அடி வாங்கிக்கொண்டு, ராஜாவை முன்னால் அனுப்பினார்கள் என்று மராட்டியர் கதை சொல்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, வேலூர் வழியாகச் செஞ்சி வந்து சேர்ந்தார்.

ஏன் செஞ்சி? நாம் தினம் பஸ்ஸில் பார்க்கிற மலைதானே என்று நினைக்காதீர்கள். சிவில் படிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை ஒரே சுவரால் முக்கோணமாகக் கட்டியிருக்கிறார்கள். சுவரின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் ஏறக்குறைய 800 அடி உயரம், உச்சிக்குப் பக்கத்தில் இயற்கையான பிளவு, அதன்மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. உள்ளே சுனைகள், நெற்களஞ்சியங்கள். இவ்வளவு பெரிய சுற்றளவை முழுசாக அடைத்து உட்கார எந்தப் படைக்கும் ஆள் பத்தாது. ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் அரிசி உள்ளே போகும். அப்படித்தான் போனது. தஞ்சாவூரை ஆண்ட ஷாஜி, ராஜாராமுக்குச் சித்தப்பா மகன் முறை. அவர் தானியமும் ஆளும் அனுப்பினார்.

1690-இல் சுல்பிகார்கான் வந்து முற்றுகை போட்டான். பின்னால் அவனுடைய தகப்பன் வஜீர் ஆசாத்கான் வந்தார், ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம்பக்ஷும் வந்தார். அதாவது பாதுஷாவின் பெரிய தலைகள் மூன்று பேர், இந்த ஒரு பையனுக்காக நம்ம ஊர் வெயிலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில சரித்திர ஆசிரியர்கள் ராஜாராமைப் பலவீனமான ராஜா என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தானே வாளெடுத்துப் பெரிய போர் எதையும் ஜெயிக்கவில்லை, மந்திரிகள் சொன்னதைக் கேட்டார், சுகவாசி என்கிறார்கள். அப்பாவோடு ஒப்பிட்டால் யார்தான் சின்னவராகத் தெரிய மாட்டார்கள்?

நம்ம பாஸ்கெட்பால் டீமை எடுத்துக்குங்க. சீனியருங்க எல்லாரும் படிப்பு முடிச்சுப் போன வருஷம், உயரமா இருக்கான்னு ஒரு முதலாண்டுப் பையனை சென்டரில் நிறுத்தினாங்க. சுற்றி நிற்கிறவங்க எண்ணுறது ஒண்ணே ஒண்ணு: அவன் எத்தனை பாயிண்ட் போட்டான்? ரெண்டு, நாலு. உடனே இவன் தேற மாட்டான்னு முடிவு. ஆனா ரிங்குக்குக் கீழே அவன் நிக்கிறதாலே எதிர் டீமில் ரெண்டு பேர் அவனையே பிடிச்சிட்டு நிக்கிறாங்க. அதனால வெளியே நம்ம ஆள் ஒருத்தன் ஃப்ரீ. பாயிண்ட் அவன் பேரில் ஏறும். சென்டர் பேரில் ஏறாது.

ராஜாராம் செய்தது அந்த சென்டர் வேலை. அவர் செஞ்சியில் இருந்ததால் மொகலாயரின் ஒரு பெரிய படை எட்டு வருஷம் இங்கேயே சிக்கியது. அந்த நேரத்தில் மகாராஷ்டிராவில் ராமச்சந்திர பந்த் அமாத்தியர் இழந்த கோட்டைகளை ஒவ்வொன்றாக மீட்டார். அவருக்கு ராஜாவின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு வந்தவர் ராஜாராம். பத்தொன்பது வயசில் அதிகாரத்தை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுப்பது லேசான காரியமா? நம்ம பசங்க கிரிக்கெட் மட்டையையே கொடுக்க மாட்டாங்க!

வெளியே ஃப்ரீயாக ஓடிய ஆட்கள் இரண்டு பேர்: சாந்தாஜி கோர்படே, தானாஜி ஜாதவ். 1692 டிசம்பரில் இருவரும் இந்தப் பக்கம் இறங்கினார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் அலிமர்தான்கானைச் சாந்தாஜி உயிரோடு பிடித்துச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, பணம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். கோட்டைக்கு வெளியே இஸ்மாயில்கான் மக்காவைத் தானாஜி பிடித்தார். மொகலாயர் கூடாரத்தில் அரிசி இல்லை. பாதுஷாவிடமிருந்து செய்தி வரவில்லை. பாதுஷா செத்துவிட்டார் என்றே வதந்தி. இளவரசர் காம்பக்ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொந்தத் தளபதிகளே அவரைச் சிறைப்பிடித்தார்கள். 1693 தொடக்கத்தில் சுல்பிகார்கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான்.

பணத்துக்கு என்ன செய்தார்? 1690-இல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வாங்கியது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆள். பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை நிலம் என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் கோட்டை பின்னால் ஆங்கிலேயருக்கு எவ்வளவு உதவியது என்று நினைத்தால், அது நல்ல வியாபாரமில்லை.

சர்தார்களுக்குக் கொடுக்கவும் ரொக்கம் கிடையாது. அதனால் நிலத்தை எழுதிக் கொடுத்தார். இன்ன ஊரைப் பிடித்தால் இவ்வளவு என்று சாசனம். டில்லியைப் பிடித்தால் தர வேண்டியதைக்கூட 1691-இல் எழுதிக் கொடுத்திருக்கிறார்! தன் கோட்டையைத் தாண்டி நடமாட முடியாத ராஜா டில்லிக்கு விலை பேசுகிறார். சிரிப்பு வரலாம். ஆனால் மொகலாயர் பக்கம் போயிருந்த சர்தார்கள் பலர் அதை நம்பித் திரும்பி வந்தார்கள். பின்னால் அந்தச் சர்தார்கள் ஆளுக்கொரு ராஜாவானது மராட்டியருக்குப் பெரிய தலைவலி. சிவாஜி இப்படி நிலம் கொடுப்பதை ஒப்பவில்லை. ஆனால் சிவாஜிக்குச் சம்பளம் கொடுக்கக் கஜானா இருந்தது.

அவர் நிஜமாகவே தோற்ற இடம் ஒன்று உண்டு. சாந்தாஜிக்கும் தானாஜிக்கும் ஆகவில்லை. சாந்தாஜி பெரிய வீரர், வாய் அடங்காதவர். ராஜா தானாஜி பக்கம் சாய்ந்தார். 1696-இல் விருத்தாசலம் பக்கம் மராட்டியரும் மராட்டியரும் மோதிக்கொண்டார்கள், சாந்தாஜி ஜெயித்தார். மறு வருஷம் சாந்தாஜி கொல்லப்பட்டார். இருவரையும் ஒரு கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ள ராஜாராமால் முடியவில்லை. இதில் நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

1697 கடைசியில் பாதுஷா நெருக்கவே சுல்பிகார்கான் மும்முரமானான். அதற்குள் ராஜாராம் வேலூருக்குத் தப்பிவிட்டார். மொகலாயர் முகாமிலிருந்த கணோஜி சிர்க்கே, நிலம் பெற்றுக்கொண்டு வழி விட்டார் என்கிறார்கள். 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. பிடிக்க வந்த ஆள் உள்ளே இல்லை.

எங்கப்பா செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். இவன் என்ன ஆவான் என்று சொந்தக்காரர்கள் அப்பாவைக் கேட்பார்கள், அரியர் எத்தனை என்றும் கேட்பார்கள். அப்பா பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ராஜாராமைப் படிக்கும்போது அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. 1689-இல் அவரை எடைபோட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? அனுபவம் இல்லை, பழக்கம் இல்லை, அண்ணன் நிழலில் வளர்ந்தவன். எல்லாமே உண்மைதான். ஆனால் எட்டு வருஷம் தாக்குப்பிடிப்பார் என்பது அதில் எங்கேயும் இருந்திருக்காது.

ஊர் திரும்பிய ராஜாராம் 1699-இல் சதாராவைத் தலைநகராக்கினார். 1700 மார்ச்சில் சிங்ககட் கோட்டையில் நோயுற்று இறந்தார். வயது முப்பது. செஞ்சியில் அவரோடு இருந்த மனைவி தாராபாய் சின்ன மகனை ராஜாவாக வைத்துப் போரைத் தொடர்ந்தார். ஔரங்கசீப் டில்லி திரும்பவே இல்லை. 1707-இல் அகமத்நகரில் இறந்தார். கோட்டையைப் பிடித்த கையோடு மொகலாயர் அதற்கு நுஸ்ரத்கட் என்று பேர் வைத்தார்கள். நம்ம ஊர் வாயில் அந்தப் பேர் நுழையவே இல்லை.